துளைக்கு அர்த்தம் சொன்னவர் – ஹெர்மன் ஹாலரித்

(மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பட்டயப் படிப்பு)



லேபில் புராஜெக்ட் செய்கிற எல்லாரும் ஏதாவது ஒரு செட்டிங்ஸ் பைல் எழுதித்தான் இருப்போம். இந்தப் பக்கம் பெயர், நடுவில் சமக்குறி, அந்தப் பக்கம் மதிப்பு. மோட்டார் எத்தனை நிமிஷம் ஓடணும், எந்த போர்ட்டில் டேட்டா வரணும், மணி அடிக்கணுமா வேண்டாமா, எல்லாம் அதில் இருக்கும். புரோகிராமில் கை வைக்க வேண்டியதில்லை. பைலை மாற்றினால் போதும், வேலை மாறிவிடும். அந்த பைலைப் படித்துப் பிரித்துக் கொடுக்கிற லைப்ரரியை பார்சர் என்கிறோம். அதற்கு ஒரு குணம் உண்டு. பைலில் 30 என்று இருந்தால் அது வயசா, வீட்டு நம்பரா, நிமிஷக் கணக்கா என்று அதற்குத் தெரியாது. மூன்று, பூஜ்யம் என்று இரண்டு எழுத்துகள் இருக்கின்றன என்பது மட்டும்தான் தெரியும். அது என்ன வகை என்று நாம்தான் சொல்லித் தரவேண்டும்.

கம்ப்யூட்டர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, எழுத்துகூட இல்லாமல் வெறும் ஓட்டைகளை வைத்துக்கொண்டு இதே சிக்கலோடு ஒரு மனிதர் மல்லுக்கட்டினார். நம் பாடப்புத்தகத்தில் கம்ப்யூட்டர் வரலாறு என்ற முதல் பாடத்தில் இரண்டு வரியில் வந்து போய்விடுவார். பரீட்சைக்கு இரண்டு மார்க் கேள்வி. ஆனால் அவர் வாழ்க்கை இரண்டு மார்க்கில் அடங்குவது அல்ல.

ஹெர்மன் ஹாலரித் 1860ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் தேதி அமெரிக்காவின் பஃபலோ நகரில் பிறந்தார். (நான்கு வருஷத்துக்கு ஒருமுறைதான் பிறந்தநாள்!) தாய் தந்தையர் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள். தந்தை ஆசிரியர். ஹெர்மனுக்கு ஏழு வயதாகும்போது அவர் இறந்துவிட்டார். சொந்தக்காரர்களிடம் கையேந்தாமல், பெண்களுக்கான தொப்பிகள் தைத்து விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார் தாய்.

பள்ளிக்கூடத்தில் ஹெர்மனுக்கு ஸ்பெல்லிங் வராது. அந்த வகுப்பு வந்தாலே ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிவிடுவார் என்று சொல்வார்கள். கடைசியில் பள்ளியை விட்டு நிறுத்தி, தனியாக ஒருவரிடம் படிக்க வைத்தார்கள். எழுத்துக்கூட்டத் தெரியாத அந்தப் பையன் 19 வயதில், 1879ல், நியூயார்க் கொலம்பியாவின் சுரங்கக் கல்லூரியில் எஞ்சினியராகத் தேறினார்.

அங்கே அவருக்குப் பாடம் எடுத்த ட்ரோபிரிட்ஜ் என்ற பேராசிரியர், 1880ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலை பார்க்க வாஷிங்டனுக்கு அழைத்துப் போனார். இரும்பு, எஃகு ஆலைகளில் நீராவியும் தண்ணீரும் எவ்வளவு சக்தி தருகின்றன என்ற புள்ளிவிவரம்தான் ஹெர்மனுக்குக் கொடுத்த வேலை. ஆனால் அவர் கண்ணில் பட்டது வேறு. அமெரிக்காவில் அப்போது சுமார் 5 கோடி பேர். அத்தனை பேரைப் பற்றிய விவரத்தையும் குமாஸ்தாக்கள் தாளில் கோடு கோடாகப் போட்டுக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று ஒருமுறை கூட்டுவார்கள். பிறகு எந்த வயதில் எத்தனை ஆண் என்று மறுபடி முதலிலிருந்து. அந்தக் கணக்கை முடித்து வெளியிட ஏழெட்டு வருஷம் பிடித்தது. பத்து வருஷத்துக்கு ஒருமுறை எண்ணியே ஆகவேண்டும் என்பது அந்த நாட்டின் அரசியல் சட்டம். ஜனத்தொகையோ ஏறிக்கொண்டே போனது. ஒரு கணக்கு முடிவதற்குள் அடுத்த கணக்கு வந்து நிற்கும் நிலை.

அங்கே பிறப்பு இறப்புப் புள்ளிவிவரங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற ராணுவ டாக்டர். இந்த எந்திரத்தனமான வேலைக்கு ஒரு எந்திரமே இருந்தால் என்ன என்று ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் அவர்தான் ஹெர்மனிடம் பேச்சுவாக்கில் சொன்னார். ஹெர்மன் அதைப் பிடித்துக்கொண்டார். கூட்டாகச் செய்யலாமா என்று பிறகு போய்க் கேட்டதற்கு, வழி பிறந்தால் போதும், எனக்குப் பங்கு வேண்டாம் என்ற மாதிரி பில்லிங்ஸ் ஒதுங்கிக்கொண்டார். இந்த மாதிரி மனிதர்களையும் நாம் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

1882ல் எம்.ஐ.டி.யில் மெக்கானிக்கல் பாடம் நடத்தப் போனார் (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, அமெரிக்காவில் உள்ளது!). ஒரே பாடத்தை மறு வருஷமும் நடத்தப் பிடிக்காமல் விட்டுவிட்டார். செயின்ட் லூயிஸ் போய் ரயில் பிரேக்கில் கொஞ்ச நாள் ஆராய்ச்சி, பிறகு காப்புரிமை அலுவலகத்தில் வேலை. 1884ல் தன் எந்திரத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போட்டார்.

அந்த முதல் எந்திரத்தில் அட்டை கிடையாது. நீளமான காகித நாடாதான். ஒவ்வொரு ஆளுக்கும் நாடாவின் குறுக்கே ஒரு வரிசைத் துளைகள். இதில் ஒரு கஷ்டம் இருந்தது. ஒரு ஆளின் விவரம் வேண்டுமென்றால் மொத்த நாடாவையும் ஓட்டணும். குறிப்பிட்ட ஆட்களை மட்டும் பிரித்தெடுத்து வைக்கவும் முடியாது. ஆளுக்கு ஒரு அட்டை என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது. அதற்கு வித்து ஒரு ரயில் டிக்கெட். அந்தக் காலத்தில் சில ரயில்களில் கண்டக்டர் டிக்கெட்டின் ஓரத்தில் பயணியின் அடையாளத்தைத் துளையிட்டு விடுவாராம். முடி என்ன நிறம், கண் என்ன நிறம், மூக்கு பெரிசா சின்னதா என்று. ஒருவர் டிக்கெட்டில் இன்னொருவர் ஏறக்கூடாது என்பதற்காக. ஒரு மனிதனை ஓட்டைகளால் எழுத முடியும் என்று ஹெர்மன் அதில் பார்த்துவிட்டார்.

பால்டிமோர் நகரின் இறப்புக் கணக்கில் முதல் பரீட்சை நடந்தது. கண்டக்டர் வைத்திருக்கிற மாதிரியே ஒரு கைப் பஞ்ச்சை வைத்துக்கொண்டு நாள் முழுக்க அவரே உட்கார்ந்து ஆயிரக்கணக்கான அட்டைகளில் துளை போட்டார். கை மரத்துப் போய்விட்டது. அந்த வலியில் பிறந்ததுதான் அடுத்த கருவி. மேஜைமேல் வைத்து, ஒரு முனையை அச்சிட்ட பலகையில் வைத்து அழுத்தினால் மறுமுனை அட்டையில் சரியான இடத்தில் துளை போடும்.

1889ல் அரசாங்கம் ஒரு போட்டி வைத்தது. செயின்ட் லூயிஸ் நகரின் நான்கு பகுதிகளைச் சேர்ந்த 10,491 பேரின் விவரம் கொடுக்கப்பட்டது. மற்ற இரண்டு பேருடையதும் நிறத்தை வைத்துக் கையால் பிரிக்கிற முறைகள். விவரத்தை அட்டையில் ஏற்ற ஹாலரித்துக்கு 72½ மணி நேரம் ஆனது. மற்றவர்களுக்கு 100 மணிக்கு மேல். கூட்டிப் பட்டியல் போட மற்றவர்களுக்கு 44½ மணியும் 55½ மணியும் ஆக, ஹாலரித்துக்கு ஆனது 5½ மணி! 1890 கணக்கெடுப்பு அவர் கைக்கு வந்தது. அந்த எந்திரத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்கே கொலம்பியா டாக்டர் பட்டமும் கொடுத்தது.

எந்திரம் எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும். நம்ம ஆட்களுக்குப் பிடிக்கிற சமாச்சாரம் அது. அடியில் ஒரு தட்டு, அதில் சின்னச் சின்னக் கிண்ணங்கள், கிண்ணத்தில் பாதரசம். மேலே ஸ்பிரிங் வைத்த ஊசிகள். நடுவில் அட்டையை வைத்துக் கைப்பிடியை இழுத்தால் ஊசிகள் இறங்கும். துளை இல்லாத இடத்தில் அட்டை தடுத்துவிடும், ஊசி உள்ளே போய்விடும். துளை உள்ள இடத்தில் ஊசி நேராகப் பாதரசத்தைத் தொடும். சர்க்யூட் பூர்த்தியாகும். எதிரே கடிகாரம் மாதிரி 40 டயல்கள். ஒவ்வொன்றும் 9,999 வரை எண்ணும். கரண்ட் வந்த டயலில் முள் ஒரு அடி நகரும். பக்கத்தில் உள்ள பெட்டியில் ஒரு அறையின் மூடி தானாகத் திறக்கும். அட்டையை அதில் போட்டுவிட வேண்டியதுதான்.

ரிலேக்களும் இருந்தன. ஆண் என்ற துளையும், வெள்ளையர் என்ற துளையும், உள்நாட்டில் பிறந்தவர் என்ற துளையும் சேர்ந்து இருந்தால் மட்டும் ஒரு டயல் நகரும்படி ஒயர் கொடுக்கலாம். நாம் லாஜிக் லேபில் போடுகிற ஆண்ட் கேட்தான். அட்டையில் இல்லாத ஒரு புது வகையை, இருக்கிற வகைகளைச் சேர்த்து ஒயரால் உண்டாக்கிவிட்டார். இன்னொன்றும் உண்டு. அட்டை ஒழுங்காகப் படிக்கப்பட்டால்தான் மணி அடிக்கும். இருக்கவேண்டிய துளை ஒன்று இல்லாமல் போனால் மணி அடிக்காது. குமாஸ்தா அந்த அட்டையை எடுத்துத் தனியே வைத்துவிடுவார். தப்பான மதிப்பு வந்தால் பார்சர் எர்ரர் கொடுத்து நிற்கிறதே, அந்த வேலையை அன்றைக்கு அந்த மணி செய்தது.

(வேலை அலுத்துப்போன குமாஸ்தாக்கள் கிண்ணத்திலிருந்து பாதரசத்தை உறிஞ்சி எச்சில் பாத்திரத்தில் விட்டுவிடுவார்களாம். எந்திரம் ரிப்பேர் ஆகும் நேரம் அவர்களுக்கு ஓய்வு. எல்லா ஊரிலும் மனிதர்கள் ஒரே மாதிரிதான்!)

1890 முடிவதற்குள் மொத்த எண்ணிக்கை வந்துவிட்டது. 6 கோடியே 26 லட்சம். இன்னும் அதிகம் வரும் என்று எதிர்பார்த்தவர்கள் எந்திரத்தைத் திட்டினார்கள். எந்திரம் என்ன செய்யும், பாவம்.

ஆனால் அந்த அட்டையில் எனக்கு உறுத்துகிற ஒரு இடம் இருக்கிறது. இனம் என்ற கேள்விக்கு அதில் எட்டே எட்டு இடங்கள்தான். வெள்ளையர், கறுப்பர், முலாட்டோ, குவாட்ரூன், ஆக்டரூன், சீனர், ஜப்பானியர், செவ்விந்தியர். குவாட்ரூன் என்றால் கால் பங்கு கறுப்பு ரத்தம், ஆக்டரூன் என்றால் அரைக்கால் பங்கு என்று அன்றைய அரசாங்கம் வகுத்திருந்தது. வீட்டு வாசலில் வந்து நிற்கிற கணக்கெடுப்பாளர் ஒரு ஆளைப் பார்த்து, இவர் கால் பங்கா, அரைக்கால் பங்கா என்று எப்படிச் சொல்வார்? சொல்லித்தான் ஆகவேண்டும். ஏதாவது ஒரு இடத்தில் துளை விழுந்தே ஆகவேண்டும். துளை விழுந்த பிறகு சந்தேகத்துக்கு இடமே இல்லை. முள் ஒரு அடி நகர்ந்துவிடும். 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் குவாட்ரூனும் ஆக்டரூனும் காணாமல் போயின. ஆட்கள் எங்கும் போகவில்லை. வகைகள்தான் போயின.

நான் ஒரு உதவித்தொகை விண்ணப்பம் பூர்த்தி செய்தபோது தகப்பனார் தொழில் என்ற இடத்தில் ஐந்து கட்டங்கள் இருந்தன. என் அப்பா காலையில் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார், ராத்திரியில் ஒரு கடைக்குக் காவல். ஐந்தில் எதிலும் அது இல்லை. வாங்கிப் பார்த்தவர் 'இதர' என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கொடுத்துவிட்டார். படிவத்தை அச்சடித்தவர் யாரோ, எங்கோ. வகையை முன்கூட்டியே முடிவு செய்கிறவருக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பது ஹாலரித்தின் அட்டையைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

சரி, கதைக்கு வருவோம். ஆஸ்திரியா, கனடா, நார்வே, ரஷ்யா என்று எந்திரங்கள் வெளிநாடுகளுக்கும் போயின. ஆனால் சென்சஸ் என்பது பத்து வருஷத்துக்கு ஒருமுறை வருகிற திருவிழா. நடு வருஷங்களில் சோறு போடுமா? ஹாலரித் ரயில்வே கம்பெனிகளின் கதவைத் தட்டினார். நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேக்கு வருஷத்துக்குச் சுமார் 40 லட்சம் சரக்குச் சீட்டுகள். எடை எவ்வளவு, கட்டணம் எவ்வளவு, எல்லாவற்றையும் கூட்டணும். அவர்கள் எந்திரத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று பார்த்தால், இங்கேதான் விஷயமே இருக்கிறது.

சென்சஸ் அட்டையில் ஒரு துளை என்றால் ஒரு வகை. இருக்கிறது அல்லது இல்லை. எந்திரம் ஒன்று, ஒன்று என்று எண்ணினால் போதும். சரக்குச் சீட்டில் அப்படி அல்ல. 740 பவுண்டு எடை என்றால் ஒன்று என்று எண்ணி என்ன பிரயோஜனம்? 740ஐயே கூட்டணும். அதனால் அட்டையைப் பத்தி பத்தியாகப் பிரித்தார். ஒவ்வொரு பத்தியிலும் 0 முதல் 9 வரை இடங்கள். நூறு பத்தியில் 7ல் துளை, பத்து பத்தியில் 4ல் துளை, ஒன்று பத்தியில் 0வில் துளை. கூட்டுகிற எந்திரத்தைப் புதிதாக வடிவமைத்தார். அதே காகிதம், அதே ஓட்டை, ஆனால் முழுக்க வேறு வகை. திருப்பி அனுப்பிய ரயில்வேயே 1896ல் ஒப்பந்தம் போட்டது. அந்த வருஷ டிசம்பரில் டாபுலேட்டிங் மெஷின் கம்பெனியை ஆரம்பித்தார்.

இதை நம் பார்சரோடு பொருத்திப் பாருங்கள். பைத்தானில் கான்ஃபிக்பார்சர் என்ற லைப்ரரி இருக்கிறது. பைலில் இருக்கிற எதையும் அது எழுத்துச் சரமாகத்தான் வைத்துக்கொள்ளும். மணி = நோ என்று ஆங்கிலத்தில் எழுதி, சும்மா கெட் போட்டு எடுத்து இஃப்பில் கொடுத்தால் மணி அடிக்கும்! ஏனென்றால் நோ என்பது காலியில்லாத சரம்; காலியில்லாத சரம் என்றால் பைத்தானுக்கு உண்மை. கெட்பூலியன் என்று கேட்டால்தான் யெஸ், நோ, ஆன், ஆஃப், ட்ரூ, ஃபால்ஸ், 1, 0 என்ற எட்டையும் புரிந்துகொள்ளும். வேறு எதையாவது எழுதினால் எர்ரர். எண் வேண்டுமானால் கெட்இன்ட், புள்ளி எண்ணுக்கு கெட்ஃப்ளோட். லைப்ரரியை எழுதியவர்கள் கொடுத்த வகைகள் இவ்வளவுதான்.

நமக்கு வேண்டியது இதில் இல்லை என்றால்? மோட்டாரை 6:30க்குப் போடணும் என்று பைலில் எழுதுகிறோம். 6:30 எண்ணும் இல்லை, புள்ளி எண்ணும் இல்லை. அதற்கு ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதலாம். நடுவில் இருக்கிற புள்ளிகளில் பிரித்து, மணியை 60ஆல் பெருக்கி, நிமிஷத்தைக் கூட்டி 390 என்று கொடுக்கும் ஃபங்ஷன். பார்சரை உண்டாக்கும்போதே கன்வெர்ட்டர்ஸ் என்ற இடத்தில் மினிட் என்ற பெயரோடு அதைக் கொடுத்துவிட்டால், கெட்இன்ட் மாதிரியே கெட்மினிட் என்ற ஒன்று பார்சருக்கே முளைத்துவிடும். 2015ல் வந்த பைத்தான் 3.5 முதல் இந்த வசதி உண்டு. 25:90 என்று யாராவது எழுதினால் என்ன செய்வது என்பதையும் அந்த ஃபங்ஷனிலேயே எழுதிவிடணும். இல்லையென்றால் மணி அடிக்காத அட்டையும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். படித்துப் பிரிப்பது லைப்ரரியின் வேலை, அர்த்தம் கொடுப்பது நம் வேலை. ரயில்வேக்காக ஹாலரித் இதைச் சாதிக்க ஒரு எந்திரத்தையே புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. நமக்கு நான்கு வரி.

புதிய வாடிக்கையாளர் வந்தால் எந்திரத்தின் உள்ளே கை வைத்து ஒயரை மாற்றுவது என்ற தொல்லை அவருக்கும் அலுத்திருக்கணும். 1906ல் வந்த அவருடைய டாபுலேட்டரில் ஒயர் பலகை ஒன்று இருந்தது. பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி செருகிகளைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகினால் போதும். எந்தப் பத்தி எந்தக் கூட்டலுக்குப் போகணும் என்பது மாறிவிடும். எந்திரத்தைப் பிரிக்க வேண்டாம். வியன்னாவில் ஓட்டோ ஷேஃப்லர் என்பவர் இதே யோசனைக்கு அதற்குப் பத்து வருஷம் முன்பே காப்புரிமை வாங்கியிருந்தார் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிடணும். என்னைக் கேட்டால், ஓட்டை போட்ட அட்டையைவிட இந்தப் பலகைதான் பெரிய காரியம். இன்றைய செட்டிங்ஸ் பைலுக்கு அண்ணன் என்று அதைச் சொல்லலாம்.

மனிதர் சுலபமானவர் இல்லை. எந்திரத்தை விற்கமாட்டார், வாடகைக்குத்தான் விடுவார். அட்டையும் அவரிடமே வாங்கணும். வாடகை அதிகம் என்று கணக்கெடுப்புத் துறையின் புதிய இயக்குநரோடு தகராறு முற்றி, 1905ல் எந்திரங்கள் வெளியே வந்துவிட்டன. துறை சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட்டது. அங்கே வேலை பார்த்த ஜேம்ஸ் பவர்ஸ் புதிய எந்திரங்கள் செய்து, பிறகு போட்டிக் கம்பெனியே ஆரம்பித்துவிட்டார். ஹாலரித் கோர்ட்டுக்குப் போனார், ஜெயிக்கவில்லை. எந்தக் கணக்கெடுப்புக்காக எந்திரத்தைப் பெற்றெடுத்தாரோ, 1910ல் அந்தக் கணக்கெடுப்பு அவர் இல்லாமலேயே நடந்தது.

1911ல் கம்பெனியை விற்றார். அவர் பங்குக்குச் சுமார் 12 லட்சம் டாலர். வாங்கிய சார்லஸ் ஃப்ளின்ட், தராசுக் கம்பெனி, வேலை நேரம் பதிகிற கடிகாரக் கம்பெனி இவற்றோடு சேர்த்து ஒரே கம்பெனியாக்கினார். 1914ல் தாமஸ் வாட்சன் அதன் பொறுப்புக்கு வந்தார். 1924ல் அந்தக் கம்பெனி வைத்துக்கொண்ட பெயர்தான் ஐ.பி.எம். ஹாலரித் கொஞ்ச காலம் ஆலோசகராக இருந்தார். 1921க்குப் பிறகு அதுவும் இல்லை. பண்ணையில் பசுமாடு வளர்ப்பதில் மனதைத் திருப்பிவிட்டார். 1929 நவம்பர் 17ஆம் தேதி வாஷிங்டனில் மாரடைப்பால் காலமானார். ஜார்ஜ்டவுனில் அடக்கம் செய்தார்கள்.

நான்கு வருஷம் கழித்து, 1933ல், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஜெர்மனியில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. பிரஷ்யாவின் அட்டைகளைப் பஞ்ச் செய்து எண்ணியது டெஹோமாக் என்ற கம்பெனி. ஹாலரித்தின் எந்திரங்களுக்கு உரிமம் வாங்கி 1910ல் தொடங்கப்பட்டது அது, அப்போது ஐ.பி.எம். கையில் இருந்தது. அட்டையில் மதத்துக்கு ஒரு பத்தி. அதில் யூதர் என்பதற்கு ஒரு துளை. ஊசி இறங்கியது, முள் நகர்ந்தது. எந்திரத்தில் எந்தக் கோளாறும் இல்லை.

அவர் பெயர் நம் துறையில் கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்தது எங்கே தெரியுமா? ஒரு டேட்டா டைப்பில்! ஃபோர்ட்ரான் மொழியில் முதலில் எழுத்துச் சரம் என்ற வகையே கிடையாது. எண் மட்டும்தான். எழுத்தை அச்சடிக்கணும் என்றால் எத்தனை எழுத்து என்று கையால் எண்ணி, அந்த எண்ணை எழுதி, பக்கத்தில் ஹெச் என்று போட்டு, பிறகு எழுத்துகளை எழுதணும். அந்த ஹெச், ஹாலரித்தின் முதல் எழுத்து. 1966ஆம் ஆண்டின் ஃபோர்ட்ரான் தரத்தில் இன்டீஜர், ரியல் இவற்றோடு ஹாலரித் என்பதும் ஒரு வகை. 1977 தரத்தில் கேரக்டர் என்ற வகை வந்ததும் அதை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பழைய புரோகிராம்களுக்காக ஜி-ஃபோர்ட்ரான் கம்பைலர் இன்னும் அதைப் புரிந்துகொள்கிறது. எண்ணிக்கையில் ஒன்று தப்பினால் அடுத்த எழுத்தையும் சரத்துக்குள் இழுத்துப் போட்டுக்கொள்ளும். லேபில் லினக்ஸ் இருக்கிற மெஷினில் போட்டுப் பாருங்கள், ஒரு வார்னிங் கொடுத்துவிட்டு ஓடும்.